தீயும் நெஞ்சறிவும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியரிடம் வழமையாக எதிர்பார்க்கப்படும் பொருளொன்றையே அவர்கள் மனத்திற் கொண்டிருப்பர். பண்டைத் தமிழர் விருந்தோம்பல், பத்திப் பாடல்களின் இனிமை என்றாற்போன்ற தலைப்புக்கள் எமது கைவசம் பல உள. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றையே உடைய எமக்குச் சட்டநூற் பயிற்சி சிறிதும் இல்லை. அவ்வாறிருந்தும், தீ வைத்தலால் நேரும் மரணங்களுக்குக் கனடா நாட்டுச் சட்டம் எவ்வாறு பொறுப்புச் சுமத்துகின்றது என்பதைப்பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம். பொருத்தமற்ற முயற்சி எனப் பெரியோர் நகைத்தல் கூடும். எழுத நேர்ந்த காரணம் இரண்டு. ஒன்றை இப்பொழுதே கூறுவோம். மற்றதை ஈற்றிற் கூறுவோம்.

எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவர் ஒருவர் இன்று ரொறன்ரோ நகரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகின்றார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து எமக்கொரு மடல் வந்தது. "ஐயா, தீ வைப்பு வழக்குகளில் மூன்று சொற்களுக்குத் தமிழ் தேவைப்படுகின்றது. 'மேடர்', 'மான்சுலோற்றர்', 'ரெக்லசு' என்பன அவை. முதலிரண்டையும் நம்மவர் கொலை என்ற ஒரு சொல்லாலேயே வழங்குகின்றனர். மூன்றாவதைக் கவனக்குறைவு என்கின்றனர். இரண்டும் பிழையென எனக்குத் தோன்றுகின்றது. ஒரு மனிதனுடைய வாழ்நாள் இச்சொற்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டில் தங்கியிருக்கின்றது. தாங்கள் ஆராய்ந்து சொல்லவேண்டும்" என்பது அம்மடலின் சாரம். எவ்வழக்கு, எவர் வழக்கு என்பனவற்றை அவர் எழுதவில்லை. எழுதாமை அவருடைய தொழிலுக்குரிய ஒழுக்கமாகும், அதனை மெச்சினோம்.

சொல்லுக்குச் சொல் தேடுவது எளிதென முதலில் எண்ணினோம். அகராதிகளைப் புரட்டினோம். பின்னர்ப் பொருளறியாது சொல்லறிதல் இயலாதென உணர்ந்து, அம்மாணவர் அனுப்பிய சட்டப் பகுதிகளையும் தீர்ப்புக்களையும் விடுமுறை நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தோம். படிக்கப் படிக்க, இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று, எமது நெஞ்சாராய்ச்சியும் ஆயிற்று. நிற்க.

கனடா நாட்டின் குற்றவியற் சட்டக்கோவை 1892ஆம் ஆண்டில் முதன்முதல் இயற்றப்பட்டது. அந்நாட்டின் மாகாணங்கள் அனைத்துக்கும் குற்றச் சட்டம் ஒன்றே. தீ வைத்தல்பற்றிய பிரிவுகள் 1990இல் திருத்தியமைக்கப்பட்டன. அவற்றை நோக்குமிடத்து, தீயின் அளவைக் கொண்டன்றித் தீயிட்டவனுடைய மனநிலையையும் தீயால் நேர்ந்த இடரையும் கொண்டே குற்றங்கள் வகுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். வீடொன்றில் ஆட்கள் இருக்கின்றனர் என அறிந்தோ, இருத்தல் கூடும் என்பதைப் பொருட்படுத்தாமலோ தீ வைத்தவனும், தான் வைத்த தீயாற் பிறர் உடலுக்கு ஊறு விளைவித்தவனும் ஆயுட்காலச் சிறைக்கு உள்ளாகலாம். அவ்வீடு அவனுடைய சொந்த வீடாயினும் விலக்கில்லை. ஆளில்லாத பிறர் உடைமைக்குத் தீ வைத்தவனுக்கு உச்சத் தண்டனை 14 ஆண்டுகள். காப்புறுதிப் பணம் பெறுதல் போன்ற வஞ்சக நோக்கத்துடன் தீ வைத்தவனுக்கு 10 ஆண்டுகள். பாரதூரமான கவனயீனத்தாற் தீ விளைத்தவனுக்கு 5 ஆண்டுகள்.

இவையெல்லாம் தீ வைத்தற் குற்றத்துக்கு உரியன. தீயில் ஓர் உயிர் போய்விட்டால் அங்கே ஆட்கொலைச் சட்டமும் வந்து சேருகின்றது. அப்பொழுது கேட்கப்படும் கேள்வி, தீயை வைத்தவன் யார் என்பதோடு முடிவதில்லை. வைக்கும்பொழுது அவன் நெஞ்சம் எதனை அறிந்திருந்தது என்பதே முதன்மையான கேள்வியாகின்றது. இவ்வேறுபாட்டை விளக்க, கியூபெக் மாகாணத்தில் நிகழ்ந்த இரு பெருந் தீ விபரீதங்களை எடுத்துக்காட்டுவோம்.

1972ஆம் ஆண்டு செத்தெம்பர் 1ஆந் திகதி, வெள்ளிக்கிழமை இரவு. மொன்றியல் நகரின் நடுவே 'புளூ பேட்' என்னும் விடுதியின் மேல்மாடியில் இளைஞர் பலர் இசையும் நடனமுமாகக் களித்திருந்தனர். குடிபோதையில் வந்த இளைஞர் மூவருக்கு வாயிலில் அனுமதி மறுக்கப்பட்டது. சினங்கொண்டு சென்ற அவர்கள் பெற்றோல் கொண்டுவந்து மாடிப்படியில் ஊற்றித் தீ மூட்டினர். மேலே இருந்தோர் இறங்கிவரும் வழியே தீயின் வழியாயிற்று. 37 பேர் மாண்டனர். தீயிட்ட மூவரும் ஆயுட்காலச் சிறைத் தண்டனை பெற்றனர்.

மற்றது சப்பே என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. அது வட கியூபெக்கில் உள்ள சுரங்கத் தொழிலாளர் ஊர். 1979ஆம் ஆண்டு முடிந்து 1980ஆம் ஆண்டு பிறந்த அந்த நள்ளிரவுக்குப் பின், ஊர் மண்டபத்தில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடிப் புத்தாண்டு கொண்டாடினர். மண்டபம் உலர்ந்த ஊசியிலை மரக் கிளைகளால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. 21 வயது இளைஞர் ஒருவர் விளையாட்டாகத் தம் கையிலிருந்த 'லைற்றரை' அக்கிளைகளில் ஒன்றுக்குக் காட்டினார். கணப்பொழுதில் மண்டபம் முழுவதும் தீப்பற்றியது. 48 பேர் மாண்டனர். அவ்விளைஞருக்குக் கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாட் குறைந்த சிறை.

மொன்றியலில் இறந்தோர் 37 பேர். சப்பேயில் இறந்தோர் 48 பேர். பிணங்களை எண்ணித் தண்டனை வழங்குவதாயின் சப்பே இளைஞருக்கே பெருந் தண்டனை கிடைத்திருத்தல் வேண்டும். உறவினரைப் பறிகொடுத்த ஒருவர், "என் பிள்ளைக்கு நீதி இவ்வளவுதானா?" எனக் கேட்பின் எவராலும் எளிதில் விடைகூறல் இயலாது. ஆயினும் சட்டம் கூறும் விடை இதுவே. ஆட்கள் நிறைந்த மாடிக்கு இறங்கும் படியிற் பெற்றோலை ஊற்றித் தீ மூட்டுவோன், மேலுள்ளோர்க்கு என்ன நேரும் என்பதை அறியான் என்று சொல்லல் அரிது. அலங்காரக் கிளையொன்றைச் சுட்டுப் பார்த்தவன் செய்தது பேதைமை. அப்பேதைமையால் 48 உயிர்கள் போயின. ஆயின் அவ்வுயிர்களைப் போக்கும் எண்ணம் அவனுக்கு இருந்ததில்லை. மொன்றியலில் நிகழ்ந்தது எம் மாணவர் எழுதிய முதற் சொல்லின்பாற் படும். சப்பேயில் நிகழ்ந்தது இரண்டாவது சொல்லின்பாற் படும்.

எனினும் இந்த நுண்மையைக் கனடாச் சட்டம் எக்காலத்தும் ஒருபடித்தாகப் போற்றியது என்று சொல்லுதற்கில்லை. நெடுங்காலமாக அந்நாட்டுக் கோவையில் வன்மையான பிரிவொன்று இருந்தது. கொள்ளை, ஆட்கடத்தல், தீ வைத்தல் முதலிய சில குற்றங்களைச் செய்யும்பொழுது, அக்குற்றத்தை எளிதாக்கும் பொருட்டு ஒருவரை ஊறுபடுத்த எண்ணிச் செய்த செயலால் மரணம் நேரின், மரணம் நேருமென அவன் அறிந்திருந்தானா என்று ஆராயாமலே அதனைக் கொலையெனக் கொள்ளலாம் என்பது அதன் கருத்து. 1987இல் வையான்கூர் வழக்கிலும் 1990இல் மாட்டினோ வழக்கிலும் கனடா உயர் நீதிமன்றம் இதனை மறுத்துரைத்தது. கொலைகாரன் என்ற பெயர் ஒரு மனிதன்மீது சமூகம் இடும் மிகக் கொடிய முத்திரை. தன் செயலால் மரணம் நேருமென உள்ளத்தால் உணர்ந்திராதவன்மீது அம்முத்திரையை இடலாகாது என்பது அந்நீதிமன்றத்தின் முடிபு. வழக்கிழந்தும் ஏட்டில் எஞ்சிக்கிடந்த அப்பிரிவு 2019இல் முற்றாக நீக்கப்பட்டது.

இக்கோட்பாடு தீ வழக்குகளில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை ரொறன்ரோவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் காட்டும். 2001ஆம் ஆண்டு நத்தார் வேளையில், கட்டடப் பொருள் விற்கும் கடையொன்றைக் காப்புறுதிப் பணத்துக்காகச் சிலர் எரிக்கத் திட்டமிட்டனர். உள்ளே பெற்றோல் ஊற்றப்பட்டது. அதன் ஆவி பற்றி வெடித்ததில், தீயிடச் சென்ற கூட்டாளிகளுள் ஒருவரே மாண்டார். திட்டத்திற் பங்குகொண்ட ஒருவரைக் கீழ் நீதிமன்றம் இரண்டாந் தரக் கொலைக்குக் குற்றவாளியாகக் கண்டது. சட்டவிரோதமான நோக்கமொன்றுக்காக, மரணம் நேரக்கூடும் என அறிந்தே ஒன்றைச் செய்து அதனால் மரணம் நேரின், கொல்லும் விருப்பம் இல்லாவிடினும் கொலையே என்னும் பிரிவின் கீழ் அத்தீர்ப்பு வழங்கப்பட்டது. 2011இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. தீயினால் இடர் உண்டு என்று அறிந்திருத்தல் வேறு. ஒருவர் பெரும்பாலும் சாவார் என்று அறிந்திருத்தல் வேறு. பின்னதே கொலைக்கு வேண்டப்படுவது. அஃது இங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிக் கொலைக்குற்றத்தை நீக்கி, அதனிற் குறைந்த ஆட்கொலைக் குற்றமாக்கியது.

அவ்வாறாயின், மரணத்தை நினையாதவன் தப்பிவிடுவானோ எனின், அன்று. ஆட்கொலைக் குற்றத்துக்கு, தன் செயல் சட்டவிரோதமும் அபாயமும் உடையதாய் இருத்தலும், அதனாற் பிறருக்கு அற்பமல்லாத ஊறு நேரும் என்பதை நடுத்தர அறிவுள்ள எவரும் முன்னுணரத் தக்கதாய் இருத்தலுமே போதும் என 1993இல் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தீயைப்பற்றி அவ்வளவையும் அறியாதார் உலகில் யாருளர்? அதற்கும் உச்சத் தண்டனை ஆயுட்காலச் சிறையே. ஆயின் கொலைக்கு ஆயுட்சிறை கட்டாயம். ஆட்கொலைக்கு நீதிபதி குற்றத்தின் தன்மைக்கேற்பக் குறைக்கலாம். சப்பே இளைஞருக்கு இரண்டு ஆண்டுக்குள் அமைந்தது அதனாலேயாம்.

கொலையிலும் இரு தரம் உண்டு. முதற்றரக் கொலைக்கு 25 ஆண்டுகள் கழியுமுன் நிபந்தனை விடுதலை கோரல் இயலாது. இரண்டாந் தரத்துக்கு அக்காலம் 10 முதல் 25 ஆண்டுவரை நீதிபதியால் வகுக்கப்படும். ஆட்கடத்தல், விமானக் கடத்தல் போன்ற சில குற்றங்களின்போது நிகழுங் கொலை, முன்கூட்டித் திட்டமிடப்படாததாயினும் முதற்றரமாகும். தீ வைத்தல் அப்பட்டியலில் இல்லை. ஆகவே தீயாற் செய்த கொலை முதற்றரமாதற்குப் பெரும்பாலும் திட்டமும் தீர எண்ணுதலும் மெய்ப்பிக்கப்படல் வேண்டும். 'வீட்டுக்குத் தீ வைக்கத் திட்டமிட்டான்' என்பது போதாது. 'உள்ளிருப்பவரைக் கொல்லத் திட்டமிட்டான்' எனக் காட்டவேண்டும். அரசதரப்புக்கு இஃது எத்துணைப் பாரம் என்பதை அறிஞர் உணர்வர்.

இனி, தீ தானே கொன்றதா என்னும் வினாவும் எழும். தீயில் இறப்போர் பலர் சுவாலை தீண்டு முன்னரே புகையால் மூச்சடைத்து இறப்பர். சிலர் சாளரத்தினின்று குதித்து இறப்பர். சிலர் மருத்துவமனையிற் பன்னாட் கிடந்து இறப்பர். "யான் அவரைக் குதிக்கச் சொன்னேனா?" எனக் கேட்டுத் தீயிட்டவன் தப்ப இயலாது. மரணத்துக்கு அவன் செயல் குறிப்பிடத்தக்க அளவில் காரணமாயிற்றா என்பதே 2001ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று வகுத்த அளவுகோல். தக்க சிகிச்சை கிடைத்திருந்தாற் பிழைத்திருப்பார் என்பதும் அவனைக் காவாது. முற்காலத்தில் ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின் இறந்தால் ஆட்கொலை ஆகாது என்றொரு பழைய விதி இருந்தது. அது 1999இல் நீக்கப்பட்டது. எரிகாயத்தோடு ஈராண்டு போராடி இறந்தவருடைய உயிருக்கும் இன்று கணக்கு உண்டு.

குடியைக் காரணங்காட்டலும் ஆகாது. ஒருவர் மதுமயக்கத்தில், அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்து வெப்பத்தை உச்சத்திற் திருப்பிவிட்டுக் கோப்பி வாங்க வெளியே சென்றார். திரும்பி வரும்பொழுது, தமக்கு இடங்கொடுத்தவருடைய வீடு எரிந்துகொண்டிருந்தது. 'வெறியில் இருந்தேன், அறிந்திலேன்' என்னும் வாதம் கீழ் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. 2015இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளி, தாமே வரவழைத்துக்கொண்ட மயக்கம் தீ வைத்தற் குற்றத்துக்கு மறுமொழியாகாது என்று கூறி, வழக்கை மறுபடி விசாரிக்கப் பணித்தது. அவ்வீட்டில் அப்பொழுது ஆளில்லாதிருந்தது யாருடைய புண்ணியமோ யாம் அறியோம்.

மாணவருடைய மூன்றாவது சொல்லுக்கு இப்பொழுது வந்துவிட்டோம். 'ரெக்லசு' என்பது கவனக்குறைவு அன்று. கவனக்குறைவு உடையவன் இடரைக் காணாதவன். கனடா உயர் நீதிமன்றம் 1985இல் விளக்கியவாறு, இச்சொல்லுக்குரியவன் இடரைக் கண்டவன், கண்டும் மேற்சென்றவன். காணாமையிலும் கண்டுந் துணிதலே பெரும் பிழை. இதற்கு ஒரு சொல் வேண்டுமே என்று பல நாள் உழன்றோம். 'அசட்டை' என்று எழுதினோம், அழித்தோம். 'துணிச்சல்' என்று எழுதினோம், அது புகழ்ச்சியாய் ஒலித்தது, அதனையும் அழித்தோம்.

அந்நாட்களில் வகுப்பிற் சிலப்பதிகாரம் கற்பித்துக்கொண்டிருந்தோம். மதுரையை எரிக்கும் கண்ணகி, முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதொழிக எனத் தீக்கடவுளைப் பணிக்கும் இடம் வந்தது. பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "தீ அப்படிச் சொல்வழி கேட்குமா, சேர்?" என்றான். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. "கேளாது" என்று மட்டும் சொல்லிப் பாடத்தை அவ்வளவில் நிறுத்தினோம். ஏன் நிறுத்தினோம் என்பதே, முதலிற் கூறாது விட்ட இரண்டாவது காரணம்.

1991ஆம் ஆண்டு ஆடி மாதம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய்க்கு அலைந்து, ஜாம் போத்தல் விளக்கிற் படித்த காலம் என்றால் அக்கால மாணவருக்கு விளங்கும். நெருப்புப் பெட்டி கூட வீட்டில் எண்ணி வைக்கப்பட்ட பொருளாய் இருந்தது. எமக்கு அப்பொழுது வயது 12 நிறைந்து மூன்று மாதம். எம் வகுப்புத் தோழர் ஒருவர், தம் பாட்டனார் தந்த பூதக்கண்ணாடி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். எறும்பையும் இலை நரம்பையும் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்தோம். வெயிலை ஒடுக்கித் தாளைப் பொசுக்கலாம் எனக் கண்டது எம் கெட்டித்தனம். நெருப்புப் பெட்டியின்றியே நெருப்பு! அக்காலத்தில் அஃது ஒரு செல்வம் போலத் தோன்றியது.

பள்ளி விட்டபின் விளையாட்டு நிலத்தின் ஓரத்திற்குச் சென்றோம். அங்கே ஒரு கிடுகு வேலி. வேலிக்கு அப்பால், அதனோடு இறவாணம் முட்டினாற்போல, பனையோலை வேய்ந்த குசினி ஒன்று. சோளகக் காற்று விசிறிக்கொண்டிருந்தது. வேலியடியிற் கிடந்த தென்னந்தும்பைச் சேர்த்துக் கண்ணாடியைப் பிடிக்கும்பொழுது தோழர், "வேண்டாமடா, ஆச்சி உள்ளுக்கை கிடக்கிறா" என்றார். அவர் சொல்லி வாய்மூடுமுன் உள்ளிருந்து ஓர் இருமல் ஒலி கேட்டது. கண்ணாடி அசையவில்லை. தும்பு புகைந்தது. ஊதினோம்.

இவ்விடத்தில் ஒரு சொல். கட்டுரையாளர் தம்மை 'யாம்' எனப் பன்மையிற் கூறுதல் இத்தகைய மலர்களின் மரபு. அம்மரபைப் பின்பற்றியே இதுவரை எழுதினோம். ஆயின் இவ்விடத்தில் அப்பன்மைக்குள் ஒளிந்துகொள்ளல் தகாது. கண்ணாடியைப் பிடித்த கை ஒன்றே; ஊதிய வாய் ஒன்றே. அவை இக்கட்டுரை எழுதுபவருடையன. தோழர் வேண்டாமென்றே சொன்னார்.

கிடுகு பற்றியதும் ஓலைக்குத் தாவியதும் ஒரு கணம் போலவே நினைவில் உள்ளன. அயலார் ஒருவர் வேலியைப் பிரித்துப் பாய்ந்து ஆச்சியைத் தூக்கி வெளியே கொணர்ந்தார். துலாவிலிருந்து நீரிறைத்து ஊற்றினர். குசினி போயிற்று; வீடு தப்பியது. ஆச்சியின் வலக்கை முழங்கைவரை வெந்தது. அவர் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அக்கை மடங்கியபடியே இருந்தது.

கண்ணாடி யாருடையது என்று மறுநாள் விசாரணை நடந்தது. தோழர், "என்னுடையது" என்றார். மற்றதை அவர் சொல்லவில்லை. யாமும் சொல்லவில்லை. பிரம்படி அவருக்கே விழுந்தது. எண்ணிக்கொண்டு நின்றோம், பன்னிரண்டு. அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. குடும்பத்தோடு வேறிடம் சென்றனர் என்றார்கள். இடப்பெயர்வுகள் மலிந்த அக்காலத்தில் யார் எங்குச் சென்றார் என்று தேடல் எளிதன்று. தேடாமலிருத்தல் மிக எளிதாயிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 'சிறுவர் விளையாட்டு, விபத்து' என்றே எம் நெஞ்சுக்கு யாம் தீர்ப்புக் கூறி வந்தோம். கனடா நாட்டுச் சட்டத்தைப் படித்தபின் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. அங்கே 12 வயது நிறையாதவர்மீது குற்றத் தீர்ப்பு வழங்கலாகாது. எமக்கு நிறைந்து மூன்று மாதம் கடந்திருந்தது. ஆட்கள் இருந்த இடமா? ஆம். அறிந்திருந்தாயா? தோழர் சொன்னார், இருமலும் கேட்டது. பிறர் உடலுக்கு ஊறு நேர்ந்ததா? ஆச்சியின் கை சாட்சி. இளையோர்க்குரிய தனிச் சட்டம் அங்கே உண்டு. தண்டனை மிகக் குறைந்திருக்கும். ஆயினும் குற்றத்தின் பெயர் மாறாது. அன்று அயலார் அவ்வழி வாராதிருந்து ஆச்சி மாண்டிருப்பின், அது கொலையாகாது; அவர் சாவார் என்று யாம் நினைத்ததில்லை. ஆட்கொலை ஆகியிருக்கும். அதற்கும் எமக்கும் இடையே நின்றது எம் நல்லறிவு அன்று. அயலார் ஒருவருடைய கால்வேகமே.

தோழரைப்பற்றிச் சட்டம் என்ன சொல்லும் என்றும் தேடினோம். குற்றத்துக்கு உதவும் நோக்கத்தோடு ஒன்றைச் செய்பவனே குற்றத்திற் பங்காளி. எறும்பு பார்க்கக் கண்ணாடி தந்து, தீ வைக்க வேண்டாமென்று தடுத்தவர் பங்காளி ஆகார். அவர் முற்றிலும் குற்றமற்றவர். அப்பன்னிரண்டு அடிகளுள் ஒன்றேனும் அவருக்குரியது அன்று.

மாணவருக்கு மறுமொழி எழுதினோம். முதற் சொல்லுக்குக் 'கொலை' என்பதும், இரண்டாவதற்குக் 'கொலையெண்ணமில்லா ஆட்கொலை' என்பதும் பொருந்தும் என்றோம். மூன்றாவதற்கு, "அறிந்தும் பொருட்படுத்தாமை என்று வழங்குக. நீளமாயினும் பிழையில்லாத சொல்" என்று எழுதினோம். அச்சொல் எந்த அகராதியிலிருந்து கிடைத்தது என்று அவர் கேட்டிருந்தார். அதற்கு அப்பொழுது விடை எழுதவில்லை. இக்கட்டுரையை அவர் படிப்பாராயின் அதுவே விடை. அது வேலிக்கப்பாற் கேட்ட இருமலிலிருந்து கிடைத்த சொல்.

மாணாக்கர்காள், தீயோடு விளையாடாதீர் என்று சொல்ல ஆசிரியர் ஒருவர் தேவையில்லை. யாம் சொல்ல விரும்புவது வேறு. ஒரு செயலைச் செய்யுமுன் உள்ளே யாரோ இருமுகின்ற ஒலி எப்பொழுதும் கேட்கும். கேட்டபின், கேட்கவில்லை என்று சொல்லாதிருக்கப் பழகுங்கள். பிறர் அடி வாங்கும்பொழுது எண்ணிக்கொண்டு நில்லாதிருக்கப் பழகுங்கள்.

பழைய மாணவர் கையிற் சேரும் மலர் இது. கடல் கடந்த நாடுகளுக்கும் இது செல்லும் என்று மலர்க்குழுவினர் கூறினர். தோழரே, நீர் எங்கிருந்தேனும் இதனைக் காண்பீராயின் அறிக: கண்ணாடி உம்முடையது, கை எம்முடையது. இதனை அன்றே, அப்பிரம்பின் முன் நின்று, சொல்லியிருத்தல் வேண்டும். காலங் கடந்தேனும், அதே கல்லூரியின் பெயர் பொறித்த தாளில், எல்லோரும் அறியச் சொல்லுகின்றோம். உமது முகவரி அறிந்த பழைய மாணவர் எவரேனும் இவ்விதழை அவரிடம் சேர்ப்பிப்பாராயின், எமக்கு அதனிலும் பெரிய உதவி பிறிதில்லை.